ஊராட்சியில் புதிதாகப் பொறுப்பேற்பவர்களுக்கு: நேர்மையான நிர்வாகத்தைத் தொடங்குவது எப்படி?

கிராம ஊராட்சிக்கு முதன்முறையாகத் தேர்ந்தெடுக்கப்படும் தலைவர்களிலும் வார்டு உறுப்பினர்களிலும் பெரும்பாலானோர் பணம் சம்பாதிக்கும் எண்ணத்தோடு அந்த நாற்காலியில் அமர்வதில்லை. ஆனாலும் எதற்கென்று கேட்காமல் போட்ட கையெழுத்துகளும், ‘இங்கே இதுதான் வழக்கம்’ என்று யாரோ சொன்னதை மறுக்காமல் விட்டதும் சேர்ந்து, இரண்டாம் ஆண்டிலேயே அவர்களைத் தணிக்கைத் தடைகளுக்கும் (கணக்கு ஆய்வில் எழுப்பப்படும் ஆட்சேபங்கள்) விசாரணைக்கும் பதில் சொல்லவேண்டிய நிலைக்குக் கொண்டுவந்துவிடுகின்றன. நல்ல எண்ணம் மட்டும் யாரையும் காப்பாற்றுவதில்லை. கேட்பதற்கு முன்பே கணக்கை வெளியில் வைக்கும் நடைமுறை இருந்தால்தான் நல்ல எண்ணத்துக்கே பாதுகாப்பு. அந்த நடைமுறையை முதல் மாதத்தில் ஏற்படுத்தாவிட்டால் பிறகு ஏற்படுத்துவது மிகவும் கடினம் என்பதால், இந்த வழிகாட்டி தொடக்க காலத்துக்கே அதிக இடம் கொடுக்கிறது.

இங்கே சொல்லப்படுவன தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம், 1994-இன் கீழ் இயங்கும் கிராம ஊராட்சிகளுக்கு உரியவை. 1993 ஏப்ரல் 24-இல் நடைமுறைக்கு வந்த 73-ஆவது அரசியல் சட்டத் திருத்தத்தின் தொடர்ச்சியாக வந்த சட்டம் அது.

வேட்புமனுவுக்கு முன்பே தொடங்குங்கள்

பதவிக்கு வந்தபின் நேர்மையாக இருந்துகொள்ளலாம் என்று நினைத்துத் தேர்தலில் பல லட்சங்களைச் செலவழிப்பவர், அந்தப் பணத்தை எங்கிருந்து திரும்ப எடுப்பது என்ற கேள்வியோடுதான் அலுவலகத்துக்குள் நுழைகிறார். 2019 ஊரக உள்ளாட்சித் தேர்தலில் கிராம ஊராட்சித் தலைவர் வேட்பாளர் ரூ.34,000 வரையிலும், வார்டு உறுப்பினர் வேட்பாளர் ரூ.9,000 வரையிலும்தான் செலவு செய்யலாம் என்று மாநிலத் தேர்தல் ஆணையம் வரம்பு வைத்திருந்தது. தேர்தல் முடிவு அறிவிக்கப்பட்ட நாளிலிருந்து 30 நாட்களுக்குள் செலவுக் கணக்கையும் ஒப்படைக்க வேண்டும். வெற்றி பெற்றவர்களுக்கும் தோற்றவர்களுக்கும் இது பொருந்தும். நீங்கள் உண்மையில் செலவழித்ததும் கணக்கில் காட்டியதும் வேறுவேறாக இருந்தால், உங்கள் பொதுவாழ்வின் முதல் ஆவணமே பொய்யாகிவிடும்.

சில ஊர்களில் தலைவர் பதவியை ஏலம் விட்டு, கோயில் திருப்பணிக்கோ ஊர்ப் பொதுநிதிக்கோ அதிகத் தொகை தருபவரைப் போட்டியின்றித் தேர்ந்தெடுக்கும் பழக்கம் இன்னும் இருக்கிறது. தொகை கோயிலுக்குத்தானே போகிறது என்று ஊர்ப் பெரியவர்கள் சமாதானம் சொல்வார்கள். வாக்களிக்கும் உரிமையை விலைக்கு விற்பதற்கு அது ஒரு மரியாதையான பெயர், அவ்வளவுதான். சட்டப்படியும் அது செல்லாது. அப்படிக் கிடைக்கும் பதவியை ஏற்காதீர்கள்.

பொறுப்பேற்ற முதல் வாரம்

2019 டிசம்பரில் 27 மாவட்டங்களில் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ஆம் நாளுடன் முடிந்தபின், அந்த ஊராட்சிகளின் நிர்வாகம் தனி அலுவலர்களிடம் சென்றது. அந்த மாவட்டங்களில் அடுத்துப் பதவிக்கு வருபவர் தமக்கு முன்னிருந்த தலைவரிடமிருந்து பொறுப்பை வாங்கப்போவதில்லை. ஓர் அரசு அலுவலரிடமிருந்துதான் வாங்கப்போகிறார். இடைப்பட்ட காலத்தில் தொடங்கி முடியாமல் நிற்கும் வேலைகள், கொடுபடாமல் கிடக்கும் பில்கள், நிலுவையிலுள்ள மின் கட்டணம் ஆகியவை முதல் நாளே தெரியாவிட்டால், ஆறு மாதம் கழித்து அவையெல்லாம் உங்கள் பெயரில் எழுதப்படும்.

ஆகவே மாலை மரியாதை முடிந்த மறுநாளே ஊராட்சிச் செயலரை உட்காரவைத்து ஒரு பட்டியல் எழுதுங்கள். வங்கிக் கணக்கு ஒவ்வொன்றிலும் அன்றைய இருப்பு எவ்வளவு, ரொக்கப் பதிவேட்டில் எவ்வளவு என்பதை முதலில் குறியுங்கள். பொதுவாகக் கிராம ஊராட்சியில் மூன்று கணக்குகள் இருக்கும். வரி வருவாயும் மானியமும் சேரும் பொது நிதி முதல் கணக்கு. மின் கட்டணத்துக்கும் குடிநீர்க் கட்டணத்துக்கும் ஒதுக்கப்பட்டது இரண்டாவது. திட்ட நிதி மூன்றாவது. ஒரு கணக்கிலுள்ள பணத்தை இன்னொன்றின் தேவைக்கு எடுப்பது, எவ்வளவு நல்ல காரணத்துக்காக இருந்தாலும், தணிக்கையில் தடையாகவே எழுதப்படும். அடுத்ததாக, மோட்டார்கள், மேல்நிலைத் தொட்டிகள், தெருவிளக்குகள், குப்பை வண்டிகள் ஆகியவற்றை ஊர் முழுக்க நடந்து, பதிவேட்டில் உள்ள எண்ணிக்கையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இல்லாத பொருளை ‘இல்லை’ என்றே எழுதி, பட்டியலில் நீங்கள், துணைத் தலைவர், செயலர் மூவரும் கையெழுத்திட்டு, ஒரு நகலை வட்டார வளர்ச்சி அலுவலகத்தில் கொடுத்து ஒப்புதல் முத்திரை பெற்றுக்கொள்ளுங்கள். இதை யாரும் உங்களிடம் கேட்கமாட்டார்கள். நீங்களாகச் செய்ய வேண்டும்.

வார்டு உறுப்பினராக இருப்பவரும் அந்த நடையில் தலைவரோடு செல்லலாம்; செல்ல வேண்டும் என்பது என் கருத்து. ஊராட்சி மன்றம் தலைவர் ஒருவரின் அலுவலகம் அல்ல என்பதை ஊரார் அன்றே கண்ணால் பார்த்துவிடுவார்கள்.

ஊராட்சிக்கு நீங்கள் கட்டவேண்டிய வீட்டு வரி, குடிநீர்க் கட்டணம் ஆகியவற்றை முதல் ஆளாகக் கட்டிவிடுங்கள். வரி பாக்கி வைத்துக்கொண்டு ஊரில் வரி கேட்கும் தகுதி யாருக்கும் இல்லை. பாக்கி வைத்திருப்பது தகுதியிழப்புக்கும் காரணமாகக்கூடும்.

கையெழுத்து உங்களுடையது மட்டுமே

ஊராட்சிக் கணக்கிலிருந்து பணம் எடுக்கத் தலைவரும் துணைத் தலைவரும் சேர்ந்து கையெழுத்திட வேண்டும் என்று சட்டம் வைத்திருப்பதன் நோக்கம், ஒருவர் கண்ணில் படாதது இன்னொருவர் கண்ணில் படட்டும் என்பதுதான். இப்போது பெரும்பாலான பணப் பரிமாற்றம் இணையம் வழியாக நடப்பதால், பேனாவின் இடத்தில் டிஜிட்டல் கையொப்பச் சாதனம் வந்திருக்கிறது. பென் டிரைவ் போன்ற அந்தச் சிறு பொருளையும் அதன் கடவுச்சொல்லையும் ‘அடிக்கடி வந்து போக முடியாது’ என்ற காரணத்தால் செயலரிடமோ, வெளியில் கணினி மையம் வைத்திருப்பவரிடமோ கொடுத்துவைப்பது பரவலான பழக்கம். வெற்றுக் காசோலையில் கையெழுத்திட்டுக் கொடுப்பதற்கும் இதற்கும் வேறுபாடு எதுவுமில்லை. பணம் போனபின் ‘நான் போடவில்லை, அவர் போட்டார்’ என்று சொன்னால், சாதனத்தை ஏன் கொடுத்தீர்கள் என்பதுதான் விசாரணை அதிகாரியின் அடுத்த கேள்வியாக இருக்கும். வாரத்தில் ஒரு நாளைப் பில்களுக்கென்று ஒதுக்கி, அன்று நீங்களே சாதனத்தோடு அலுவலகத்துக்குச் செல்லுங்கள்.

கையெழுத்திடும் முன் மூன்று தாள்களைக் கேட்டு வாங்குங்கள். செலவுக்கு ஒப்புதல் அளித்த மன்றத் தீர்மானத்தின் நகல் ஒன்று. வேலையாக இருந்தால் பொறியாளர் எழுதிய அளவீட்டுப் புத்தகத்தின் பக்கம், பொருளாக இருந்தால் இருப்புப் பதிவேட்டில் வரவு வைத்த பக்கம் ஒன்று. பில் ஒன்று. இவற்றில் எது இல்லாவிட்டாலும் அன்று கையெழுத்து இல்லை என்பதை முதல் பில்லிலேயே காட்டிவிட்டால், இரண்டாவது பில் ஒழுங்காக வரும்.

பெண்கள் தலைவராக உள்ள ஊராட்சிகளில் இதைக் கூடுதல் கவனத்தோடு சொல்ல வேண்டியிருக்கிறது. உள்ளாட்சி இடங்களில் 50 விழுக்காடு பெண்களுக்கு ஒதுக்கும் சட்டத் திருத்தம் தமிழ்நாட்டில் 2016-இல் வந்தது. ஆனால் பல ஊர்களில் தலைவரின் கணவரோ மகனோ நாற்காலியில் உட்கார்ந்து, ஒப்பந்ததாரரிடம் பேசி, அதிகாரிகளுக்குப் பதில் சொல்லும்போது, கையெழுத்து மட்டும் அந்தப் பெண்ணுடையதாக இருக்கிறது. நாளை வழக்கு வந்தால் அது அவர் பெயரில்தான் வரும். குடும்பத்தார் வீட்டில் ஆலோசனை சொல்லலாம். அலுவலகத்தில், மன்றக் கூட்டத்தில், அதிகாரிகளின் ஆய்வுக் கூட்டத்தில் அவர்களுக்கு இடமில்லை என்பதை முதல் கூட்டத்திலேயே தலைவர் அறிவித்துவிடுவது நல்லது.

பணம் எங்கே கசிகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

பெரிய ஊழல் பெரிய வேலையில்தான் நடக்கும் என்று புதியவர்கள் நினைக்கிறார்கள். ஊராட்சியில் அது பெரும்பாலும் சிறிய பில்களில் நடக்கிறது. மோட்டார் பழுது, குழாய் உடைப்பு, தெருவிளக்கு மாற்றம், பிளீச்சிங் பவுடர், வாய்க்கால் தூர்வாருதல் ஆகிய ஐந்திலும் ஒரு பொதுத்தன்மை உண்டு: வேலை நடந்ததா என்பதைச் சில வாரங்களுக்குப் பிறகு யாராலும் சரிபார்க்க முடியாது. பவுடர் கரைந்துவிடும், வாய்க்கால் மறுபடி மண்மூடும், பழுதுபார்த்த மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும்.

இவற்றுக்கான தடுப்புகளும் சிறியவைதான். மோட்டார் பழுது பார்த்தால் கழற்றிய பழைய பாகங்கள் அலுவலகத்துக்கு வரவேண்டும், அவற்றுக்கு எண்ணிட்டு வைக்கவேண்டும். எந்த மோட்டார், எந்தத் தேதியில் நின்றது, எப்போது மறுபடி ஓடியது என்பதைத் தொட்டி ஆபரேட்டர் ஒரு நோட்டில் எழுதவேண்டும். ஒரே மோட்டார் மூன்று மாதத்தில் மூன்று முறை சுருள் கட்டப்பட்டதாகப் பில் வந்தால் அந்த நோட்டே காட்டிக்கொடுத்துவிடும். மின்கம்பங்களுக்கு வரிசை எண் எழுதிவிட்டால், எந்தக் கம்பத்தில் விளக்கு மாற்றினார்கள் என்று பில்லில் குறிப்பிடச் சொல்லலாம். பிளீச்சிங் பவுடர் மூட்டை இறங்கும்போது அந்த வார்டு உறுப்பினரோ தூய்மைக் காவலர் ஒருவரோ இருப்புப் பதிவேட்டில் சாட்சிக் கையெழுத்திடட்டும். தூர்வாரும் வேலைக்கு முன்பும் பின்பும் ஒரே இடத்தில் நின்று எடுத்த படங்கள் கோப்பில் இருக்கட்டும்.

சாலை, சிறுபாலம், கட்டடம் போன்ற வேலைகளில் வேறு வகையான நெருக்கடி வரும். வேலை மதிப்பில் இத்தனை பர்சன்டேஜ் இன்னாருக்கு என்ற கணக்கு நீங்கள் வருவதற்கு முன்பே பேசி முடிக்கப்பட்டிருக்கலாம். உங்கள் பங்கை நீங்கள் மறுத்தால் மட்டும் போதாது. நீங்கள் விட்டுக்கொடுத்த பங்கு சாலைக்குப் போகாது, வேறொருவர் சட்டைப்பைக்குப் போகும். ஆகவே மதிப்பீட்டையே ஊருக்குத் தெரியப்படுத்துங்கள். நிர்வாக அனுமதி கிடைத்தவுடன் மதிப்பீட்டின் நகலை அறிவிப்புப் பலகையில் ஒட்டி, வேலை நடக்கும் இடத்தில் திட்டத்தின் பெயர், தொகை, நீளம், அகலம், கனம், ஒப்பந்ததாரர் பெயர், தொடங்கிய நாள் ஆகியவற்றை எழுதிய பலகையை வேலை தொடங்கும் அன்றே வையுங்கள். முடிந்தபின் பலகை வைப்பதால் பயனில்லை. ஆறு அங்குலக் கான்கிரீட் என்று பலகையில் எழுதியிருந்தால், அந்தத் தெருவில் இருக்கும் கொத்தனாரே அளந்து பார்த்துவிடுவார். ஊரில் கட்டட வேலை தெரிந்தவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களிடம் யாரும் மதிப்பீட்டைக் காட்டியதில்லை, அவ்வளவுதான்.

ஒரே வேலையைத் துண்டு போட்டு, ஒப்பந்தப்புள்ளி தேவைப்படாத அளவுக்குத் தொகையைக் குறைத்துக் காட்டச் சொல்வார்கள். அவசரம் என்பார்கள், நிதி திரும்பிவிடும் என்பார்கள். தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளிகளில் வெளிப்படைத்தன்மைச் சட்டம் 1998 முதல் இருக்கிறது. அதைத் தவிர்ப்பதற்காகவே துண்டாக்கப்பட்ட வேலைகள் என்பது கோப்பைப் பார்த்தவுடன் தெரிந்துவிடும். மன்றத்தில் அப்படியொரு தீர்மானம் வந்தால், வார்டு உறுப்பினர் தம் எதிர்ப்பைப் பேச்சோடு விட்டுவிடாமல் கூட்டக் குறிப்பேட்டில் எழுதச் செய்து, அது எழுதப்பட்டபின் கையெழுத்திட வேண்டும். வருகைக் கையெழுத்துக்கென்று சொல்லி வெற்றுப் பக்கத்தில் கையெழுத்து வாங்கி, பிறகு மேலே தீர்மானம் எழுதிக்கொள்ளும் வழக்கம் இருந்தால், அதை நிறுத்துவதுதான் வார்டு உறுப்பினர் தம் ஐந்தாண்டில் செய்யும் மிகப் பெரிய வேலையாக இருக்கக்கூடும்.

உறவும் ஆதாயமும்

ஊராட்சியோடு ஒப்பந்தத்தில் ஆதாயம் உள்ளவர் உறுப்பினராக இருக்க முடியாது என்பது சட்டம். நடைமுறையில் மைத்துனர் பெயரிலும் நண்பர் பெயரிலும் ஒப்பந்தம் எடுக்கப்படுகிறது. பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டு, வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரை மட்டுமல்லாமல் அவருடைய நெருங்கிய உறவினர்களையும் குடவோலையில் சேர்க்கக்கூடாது என்று உறவுமுறை சொல்லியே விலக்குகிறது. அந்தச் சபையில் நிலம் உள்ள அந்தணர்கள் மட்டுமே இடம்பெற முடிந்தது என்பதால் அதை ஜனநாயகம் என்று நான் கொண்டாடமாட்டேன். ஆனால் பணம் உறவின் வழியாகத்தான் நகரும் என்பதை அந்த விதியை எழுதியவர்கள் அறிந்திருந்தார்கள்.

முதல் கூட்டத்திலேயே ஒவ்வோர் உறுப்பினரும் தமக்கோ நெருங்கிய உறவினருக்கோ உள்ள தொழில், கடை, லாரி, ஜேசிபி, மனைப்பிரிவு ஆகியவற்றை ஒரு பதிவேட்டில் எழுதிவைப்பதாகத் தீர்மானம் போடலாம். அதைக் கட்டாயப்படுத்த வேண்டியதில்லை, தலைவர் முதலில் எழுதினால் போதும். அவற்றில் ஒன்றைத் தொடும் பொருள் விவாதத்துக்கு வரும்போது, சம்பந்தப்பட்டவர் எழுந்து வெளியே சென்று, முடிவெடுத்தபின் திரும்ப வேண்டும். அவர் வெளியே சென்றதும் குறிப்பேட்டில் பதிவாக வேண்டும்.

தூய்மைக் காவலர், தொட்டி ஆபரேட்டர் போன்ற வேலைகளுக்கு ஆள் எடுக்கும்போதும், வீட்டுத் திட்டப் பயனாளிகளைத் தேர்ந்தெடுக்கும்போதும் இதே கவனம் வேண்டும். ரூ.3.5 லட்சம் தரப்படும் கலைஞரின் கனவு இல்லம் போன்ற திட்டங்களில் பட்டியலில் பெயர் சேர்க்கப் பணம் கேட்பது, ஓட்டைக் குடிசையில் இருப்பவரிடம் திருடுவதற்குச் சமம். பட்டியலை அலுவலகத்தில் எழுதிவிட்டுக் கிராம சபையில் ஒப்புதல் மட்டும் வாங்காதீர்கள். ஒவ்வொரு பெயரையும் உரக்க வாசித்து, ஏன் தகுதி, ஏன் தகுதியில்லை என்று காரணத்தையும் சொல்லுங்கள். கேட்டவர்கள் பேசத்தான் செய்வார்கள்; அந்தச் சத்தத்துக்குப் பயந்துதான் பட்டியல்கள் மூடிய அறைக்குள் போயின.

அன்பளிப்பைப் பற்றிப் பலர் கேட்பதுண்டு. தீபாவளிக்கு ஒப்பந்ததாரர் அனுப்பும் இனிப்புப் பெட்டியை வாங்கலாமா? உங்கள் கையெழுத்தை எதிர்பார்த்து நிற்பவரிடமிருந்து வரும் எதையும் வாங்காமல் இருப்பதே எளிமையான விதி. திருவிழாவுக்கு நன்கொடை என்று அவரே கோயிலுக்குக் கொடுத்தாலும், அதை நீங்கள் கேட்டு வாங்கித் தந்ததாக இருக்கக்கூடாது.

கிராம சபையை உண்மையாக நடத்துங்கள்

ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு நாட்களில் கிராம சபை கூடுகிறது. 500 பேர் வரை உள்ள ஊராட்சிக்கு 50 பேர், 501 முதல் 3,000 வரை 100 பேர், 3,001 முதல் 10,000 வரை 200 பேர், அதற்கு மேல் 300 பேர் என்பது குறைவெண் வரம்பு, அதாவது கூட்டம் செல்லுபடியாக வந்திருக்க வேண்டிய குறைந்தபட்ச எண்ணிக்கை. ஏழு நாட்களுக்கு முன் அறிவிப்பு வர வேண்டும். வேலைத்தளத்திலிருந்து ஆட்களை அழைத்துவந்து, கையெழுத்து வாங்கி, வடையும் டீயும் கொடுத்து அரைமணி நேரத்தில் முடித்துவிடும் கூட்டத்தில் இந்த எண்ணிக்கை நிறைந்துவிடும், நோக்கம் நிறையாது.

செய்ய வேண்டியது இதுதான். முந்தைய கூட்டத்துக்குப் பிறகு வந்த பணம், போன பணம் இரண்டையும் ஒரே தாளில், எட்டாம் வகுப்புப் படித்தவர் புரிந்துகொள்ளும்படி எழுதி, கூட்டத்துக்கு மூன்று நாட்கள் முன்பே ரேஷன் கடை, பள்ளி, டீக்கடை, காலனி உட்பட எல்லாக் குடியிருப்புகளிலும் ஒட்டுங்கள். மொத்தத் தொகையை மட்டும் எழுதாமல் ‘எந்தத் தெரு, எந்த வேலை, யாருக்கு, எவ்வளவு’ என்று எழுதுங்கள். இ-கிராம் ஸ்வராஜ் (eGramSwaraj) என்ற அரசு இணையதளத்தில் உங்கள் ஊராட்சியின் திட்டத்தையும் செலவையும் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். ஊரில் உள்ள கல்லூரி மாணவர் ஒருவரை அதைத் திறந்து கூட்டத்தில் வாசிக்கச் சொல்லுங்கள். உங்கள் தாளும் அந்தத் தளமும் ஒத்துப்போக வேண்டும்.

கூட்டம் எங்கே நடக்கிறது என்பதும் முக்கியம். ஒரே சமூகத்துக்கு உரிய இடத்தில் எப்போதும் நடந்தால் மற்றவர்கள் வரமாட்டார்கள், வந்தாலும் பேசமாட்டார்கள். குடியிருப்புகளை மாற்றி மாற்றி நடத்துங்கள்.

நாற்காலி எல்லோருக்கும் சமம்

பணத்தைப் பற்றி மட்டும் பேசிவிட்டு நிறுத்தினால் உள்ளாட்சி நேர்மையில் பாதியை விட்டுவிட்டோம் என்று பொருள். 1997 ஜூனில் மதுரை மாவட்டம் மேலவளவு ஊராட்சித் தலைவர் முருகேசனும் அவரோடு இருந்தவர்களும், தனித்தொகுதியில் நின்று வென்றதற்காகவே வெட்டிக் கொல்லப்பட்டார்கள். 2020-இல் கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில் பட்டியலினப் பெண் தலைவர் மன்றக் கூட்டத்தில் தரையில் உட்காரவைக்கப்பட்ட படம் வெளியானது. பட்டியலின அல்லது பழங்குடியினத் தலைவரையோ உறுப்பினரையோ தம் கடமையைச் செய்யவிடாமல் தடுப்பது, வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 2015-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி தனிக் குற்றம். துணைத் தலைவர் கையெழுத்துப் போட மறுத்துப் பணிகளை முடக்குவதும், கொடியேற்ற விடாததும், பெயர்ப் பலகையில் பெயரை எழுதாமல் விடுவதும் இன்றும் நடக்கின்றன.

நீங்கள் வார்டு உறுப்பினராக இருந்து இது உங்கள் கண்முன் நடந்தால், கூட்டம் தொடங்கும் முன்பே எழுந்து நாற்காலி வேண்டும் என்று சொல்லுங்கள். மறுக்கப்பட்டால் நீங்களும் உட்காராதீர்கள். அதைக் குறிப்பேட்டில் எழுதச் செய்யுங்கள்; எழுதாவிட்டால் அன்றே மாவட்ட ஆட்சியருக்குக் கடிதம் அனுப்புங்கள். பாதிக்கப்பட்டவரே புகார் கொடுக்கட்டும் என்று காத்திருப்பது அவரைத் தனியாக விடுவதாகும்.

லஞ்சம் கேட்கப்படும்போது

ஊராட்சித் தலைவரும் உறுப்பினரும் ஊழல் தடுப்புச் சட்டம், 1988-இன்படி பொது ஊழியர்களே. லஞ்சம் வாங்கினால் மூன்று முதல் ஏழு ஆண்டுகள் வரை சிறை. 2018 திருத்தத்துக்குப் பிறகு கொடுப்பதும் குற்றம். ஆனால் வற்புறுத்தலால் கொடுக்க நேர்ந்தவர் ஏழு நாட்களுக்குள் உரிய அதிகாரியிடம் தெரிவித்தால் அவர்மீது குற்றமாகாது. இந்த ஏழு நாள் கணக்கை ஒவ்வொரு குடிமகனும் தெரிந்திருக்க வேண்டும். பில்லை விடுவிக்க மேல்மட்டத்தில் உங்களிடமே பணம் கேட்கப்பட்டால், கேட்டவர் பெயர், தேதி, இடம், சொன்ன சொற்கள் ஆகியவற்றை அன்றிரவே எழுதிவைத்து, கொடுப்பதற்கு முன்பே ஊழல் தடுப்பு மற்றும் கண்காணிப்புத் துறையை அணுகுங்கள். பணம் கைமாறிய பிறகு போவதைவிட அது எவ்வளவோ மேல்.

சில இடங்களில் லஞ்சத்துக்கான வாய்ப்பையே சட்டம் குறைத்திருக்கிறது. 2,500 சதுர அடிக்குள் உள்ள மனையில் 3,500 சதுர அடி வரை வீடு கட்டுவோர் 2024 ஜூலை முதல் சுயசான்று முறையில் இணையத்திலேயே அனுமதி பெறலாம். இதை ஊராருக்கு எடுத்துச் சொல்லுங்கள். தெரியாமல் இருப்பவரிடம்தான் இடைத்தரகர் பணம் வாங்குகிறார்.

ஊர்மக்கள் தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டால் அதை எதிரியின் வேலையாகப் பார்க்காதீர்கள். முப்பது நாட்களில் பதில் வர வேண்டும். தவறான அலுவலகத்துக்கு வந்த மனுவை ஐந்து நாட்களுக்குள் உரிய அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும். அச்சட்டத்தின் 4-ஆம் பிரிவு கேட்காமலேயே வெளியிடச் சொல்லும் தகவல்களைச் சுவரில் ஒட்டிவிட்டால் மனுக்களே குறையும். மனு போட்டவர் வீட்டுக்கு ஆள் அனுப்பி ‘எதற்கு இதெல்லாம்’ என்று பேசவைப்பது மிரட்டல். அதை உங்கள் ஆதரவாளர்கள் உங்களுக்குத் தெரியாமல் செய்தாலும் பொறுப்பு உங்களுடையது.

நேர்மையாக இருப்பவர்மீதும் புகார் வரும். ஊராட்சிகள் சட்டத்தின் 205-ஆம் பிரிவின்கீழ் தலைவரை நீக்க நடவடிக்கை எடுக்கும் ஆட்சியர், முதலில் விளக்கம் கேட்டு அறிவிப்புத் தருவார்; பிறகு வட்டாட்சியர் மன்ற உறுப்பினர்களின் கூட்டத்தைக் கூட்டி அவர்கள் கருத்தைப் பெறுவார்; அதன்பிறகே முடிவு வரும், அதை எதிர்த்து அரசிடம் மேல்முறையீடும் செய்யலாம். அறிவிப்பு வந்தால் ஆட்களைத் திரட்டிக்கொண்டு ஆட்சியர் அலுவலகத்துக்குப் போகாதீர்கள். குறிப்பிட்ட நாளுக்குள், ஒவ்வொரு குற்றச்சாட்டுக்கும் எண்ணிட்டு, தீர்மானம், அளவீட்டுப் பக்கம், பில், படம் என்று உரிய நகல்களை இணைத்து எழுத்தில் பதில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு ஒப்புகை வாங்குங்கள். நகல்களின் ஒரு தொகுப்பு அலுவலகத்திலும் இன்னொன்று உங்கள் வீட்டிலும் இருக்கட்டும். தணிக்கைக் கேள்விகள் பதவிக்காலம் முடிந்த பிறகும் வரும். அப்போது அலுவலக அலமாரியின் சாவி உங்களிடம் இருக்காது.